பெயர் ஒன்று, கருவி பல: லினக்ஸ் கட்டளைகளை ஒருங்கிணைக்கும் பணி

நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் வழக்கிற்கு வருமுன் ‘மணங்கு’ என்னும் எடைப் பெயர் பல பகுதிகளிலும் வழங்கியது. ஆயினும் சென்னை மணங்கு ஏறத்தாழ 25 ராத்தல். வங்காள மணங்கோ 82 ராத்தலுக்கும் சற்று மிகுதி. ஓர் ஊரில் கற்ற கணக்கை மற்றோர் ஊரில் அப்படியே கையாண்டவர் நஷ்டமடைவது இயல்பே. 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிறை, அளவைச் சட்டம் இக்குழப்பத்திற்கு முடிவு காண முற்பட்டது.

இதனை ஒத்த நிலைமை கணிப்பொறித் துறையிலும் காணப்படுகிறது. லினக்ஸ் கணிப்பொறிகளில் விசைப்பலகை வாயிலாகத் தட்டச்சிட்டு இயக்கும் கட்டளைகளுள் பல, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தனித்தனியே எழுதப்பட்டவை. சில கட்டளைகள் பெயராலும் செயலாலும் ஒன்றுபட்டவை. சில பெயரால் வேறுபட்டுச் செயலால் ஒன்றுபட்டவை. சிலவோ பெயரால் மட்டுமே ஒன்றுபட்டவை. இவற்றை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு கட்டளைக்கும் பொறுப்பாளர் ஒருவரே என்னும் நிலையை உண்டாக்கும் முயற்சி 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வருகிறது. அம்முயற்சியின் வரலாற்றையும், அதனால் விளையும் நன்மைகளையும் இடர்ப்பாடுகளையும், ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கைக்கொள்ளத் தக்க முறைகளையும் இங்குக் காண்போம்.

பொதி என்பது யாது?

லினக்ஸ் என்று பொதுவாக வழங்கப்படுவது தனியொரு நிறுவனம் முழுமையாகச் செய்தளித்த பொருளன்று. அதன் மையமாகிய கெர்னலை 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். கோப்புகளை நகலெடுத்தல், பட்டியலிடுதல், நீக்குதல் முதலிய அன்றாடப் பணிகளுக்கான கட்டளைகள், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தில் உருவாயின. வட்டுகளைப் பகுத்தல், அவற்றை இயங்கும் கணிப்பொறியோடு இணைத்தல் முதலிய, கெர்னலோடு நெருங்கிய தொடர்புடைய வேலைகளுக்கான கட்டளைகள் வேறொரு குழுவினரால் பேணப்படுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையும் நினைவகத்தின் இருப்பையும் காட்டும் கட்டளைகளுக்கு மற்றொரு குழுவினர் பொறுப்பாவர்.

ஒவ்வொரு குழுவும் தன் கட்டளைகளைத் திரட்டி வெளியிடும் தொகுப்பே பொதி, அதாவது ‘பேக்கேஜ்’ ஆகும். மேற்கூறிய மூன்று குழுக்களின் பொதிகளும் முறையே ‘கோர்யூட்டில்ஸ்’, ‘யூட்டில்-லினக்ஸ்’, ‘புராக்பிஎஸ்’ என்னும் பெயர்களால் அறியப்படும். டெபியன், ஃபெடோரா, உபுண்டு போன்ற வெளியீட்டாளர் அமைப்புகள் இத்தகைய பொதிகளைப் பல இடங்களிலிருந்தும் பெற்று, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து மக்களுக்கு வழங்குகின்றன.

நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கேரளப் பள்ளிகளுக்கென அமைந்த கைட் குனூ-லினக்ஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவோ டெபியனிலிருந்து கிளைத்தது. ஆதலின் எங்கோ ஒரு பொதியில் செய்யப்படும் மாற்றம், சிறிது காலத்தில் நம் பள்ளியின் கணிப்பொறி அறையையும் மாவட்ட அலுவலகத்தையும் வந்தடைகிறது.

ஒரே கட்டளை பல இடங்களில் தோன்றிய விதம்

ஒவ்வொரு குழுவும் தன் பணி தன்னளவில் நிறைவுற்றிருக்க வேண்டுமென்று விரும்பியது. ஒரு நிரலை நிறுத்துமாறு அறிவிப்பு அனுப்பும் ‘கில்’ என்னும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். நிரல்களைக் காட்டும் பொதியில் அவற்றை நிறுத்தும் கருவியும் இருத்தல் பொருத்தமே. கெர்னலைச் சார்ந்த கருவிகளின் பொதியில் அது இருப்பதும் பொருத்தமே. அன்றாடக் கட்டளைகளின் பொதியில் அது இல்லாவிடில் அப்பொதி குறைவுடையதாகத் தோன்றும். இவ்வாறு ‘கில்’ கட்டளை மேற்கூறிய மூன்று பொதிகளின் மூலநிரலிலும் இடம்பெற்றது.

இம்மூன்றும் போதாவென்று, கட்டளைகளை ஏற்று நடத்தும் ‘ஷெல்’ நிரலும் தனக்கென ஒரு ‘கில்’ வைத்திருக்கிறது. இதற்குத் தக்க காரணம் உண்டு. கணிப்பொறியில் நிரல்களின் எண்ணிக்கை எல்லை கடந்து, புதிய நிரல் எதனையும் தொடங்க இயலாத நிலை ஏற்படின், வெளியிலுள்ள ‘கில்’ கட்டளையையும் தொடங்க இயலாது. ஷெல்லுக்குள்ளேயே அமைந்த ‘கில்’ அப்போதும் பயன்படும். எனவே எல்லா மிகைகளும் வீணானவை என்று கருதிவிடலாகாது.

இரண்டு பொதிகள் ஒரே இடத்தில் ஒரே பெயருள்ள கோப்பை வைக்க முயலின், டெபியனின் பொதி நிருவாக நிரல் அதனைத் தடுத்துவிடும். ஆகவே எந்தப் பொதியின் கட்டளையை ஏற்பது என்பதை ஒவ்வொரு வெளியீட்டாளரும் தீர்மானிக்க வேண்டியவராகிறார். டெபியன் ‘கில்’ கட்டளையைப் புராக்பிஎஸ் பொதியிலிருந்து எடுத்துக்கொண்டது. ஃபெடோரா யூட்டில்-லினக்ஸ் பொதியிலிருந்து எடுத்துக்கொண்டது. பெரும்பாலான உபயோகங்களில் இரண்டிற்கும் வேற்றுமை தோன்றாது. ஆயினும் ஒரே குறை மூன்று இடங்களில் தனித்தனியே திருத்தப்பட வேண்டியிருப்பதும், ஒரு கட்டளைக்கு மூன்று வேறு கையேடுகள் இருப்பதும் உழைப்பைச் சிதறச் செய்கின்றன.

பெயர் ஒன்று, செயல் வேறு

மிகுந்த எச்சரிக்கைக்கு உரியது வேறொரு வகை. பல கோப்புகளின் பெயர்களை ஒருங்கே மாற்ற உதவும் ‘ரீநேம்’ கட்டளை இதற்குத் தக்க உதாரணம். யூட்டில்-லினக்ஸ் பொதியிலுள்ள ‘ரீநேம்’, பழைய எழுத்துத்தொடர், புதிய எழுத்துத்தொடர், கோப்புகளின் பெயர்கள் ஆகியவற்றை அவ்வரிசையில் எதிர்பார்க்கிறது. பெர்ல் மொழியில் எழுதப்பட்ட மற்றொரு ‘ரீநேம்’, மாற்றத்திற்கான விதியை அம்மொழியின் இலக்கணப்படி எழுதித் தருமாறு கேட்கிறது. டெபியன் வழியினர் ‘ரீநேம்’ என்று அறிவது பெர்ல் கட்டளையை. ஃபெடோரா வழியினர் அறிவது யூட்டில்-லினக்ஸ் கட்டளையை. ஒன்றிற்கென எழுதிய பாடக்குறிப்பு மற்றொன்றில் செல்லாது.

‘கில்ஆல்’ கட்டளையின் நிலை இதனினும் அபாயகரமானது. லினக்ஸில் அது, நாம் பெயர் குறிப்பிடும் நிரலை மட்டும் நிறுத்துகிறது. சோலாரிஸ் போன்ற சில பழைய யூனிக்ஸ் வகைகளில், அதே கட்டளை இயங்கும் நிரல்கள் அனைத்தையும் நிறுத்திவிடும். லினக்ஸ் கையேடே இதனைக் குறித்து எச்சரிக்கிறது.

பெயருரிமை குறித்த வழக்கும் ஒன்று உண்டு. அமெச்சூர் வானொலி அன்பர்கள் உபயோகித்த ஒரு பொதியில் ‘நோடு’ என்னும் கட்டளை நெடுநாளாக இருந்தது. பின்னர் நோடு-ஜேஎஸ் என்னும் நிரலமைப்பு உலகெங்கும் பரவி, அதே பெயரைக் கோரியது. வேறுபட்ட செயலுடைய இரு கட்டளைகளுக்கு இரு பொதிகள் ஒரே பெயரை இடுதல் கூடாது என்பது டெபியனின் விதி. ஆதலின் புதியதன் கட்டளைக்கு ‘நோடு-ஜேஎஸ்’ என்றே பெயரிட நேர்ந்தது. ஆனால் பிற இடங்களில் எழுதப்பட்ட நிரல்கள் யாவும் ‘நோடு’ என்றே அழைத்ததால் அவை டெபியனில் இயங்கவில்லை. முடிவில் 2017-இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு தலையிட்டு, அப்பெயரை நோடு-ஜேஎஸ் பொதிக்கு வழங்கத் தீர்மானித்தது.

ஒருங்கிணைப்பின் படிகள்

குனூ திட்டத்தில் தொடக்கத்தில் கோப்புகளுக்கு ஒன்றும், எழுத்துரைகளுக்கு ஒன்றும், ஷெல் பணிகளுக்கு ஒன்றுமாக மூன்று தனிப் பொதிகள் இருந்தன. இவை ஒன்றாக்கப்பட்டுக் கோர்யூட்டில்ஸ் என்னும் ஒரே பொதியாக 2003-ஆம் ஆண்டளவில் நிலைபெற்றன. 2011-இல் டெபியன், ஃபெடோரா, ஓப்பன்-சூசே ஆகிய மூன்று அமைப்பினரும் தத்தம் திருத்தங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்வதை விடுத்து, புராக்பிஎஸ் பொதியின் புதிய கிளையொன்றைக் கூட்டாகத் தொடங்கினர்.

பயனர் ஒருவர் தற்காலிகமாக மற்றொருவராக, பெரும்பாலும் ‘ரூட்’ எனப்படும் நிருவாகியாக, மாற உதவும் ‘எஸ்யூ’ கட்டளையின் வரலாறு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கோர்யூட்டில்ஸ் பொதியில் ஒரு ‘எஸ்யூ’ இருந்தது. பயனர் கணக்குகளைப் பேணும் ‘ஷேடோ’ பொதியில் மற்றொன்று இருந்தது. கோர்யூட்டில்ஸ் கட்டளையில் நவீன அடையாளச் சோதனை முறை சேர்க்கப்படாமையால், அதனை விரும்பிய வெளியீட்டாளர்கள் தாமே திருத்தம் செய்துகொண்டனர். கடவுச்சொல்லைச் சோதிக்கும் கட்டளையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் திருத்துதல் பாதுகாப்பிற்கு உகந்ததன்று. எனவே 2012-இல் கோர்யூட்டில்ஸ் அக்கட்டளையைக் கைவிட்டது. அதே ஆண்டில் யூட்டில்-லினக்ஸ் அதன் பொறுப்பை ஏற்றது. ஷேடோ பொதியின் கட்டளையை வழங்கிவந்த டெபியனும் 2018-இல் யூட்டில்-லினக்ஸ் கட்டளைக்கு மாறியது.

வலையமைப்புக் கருவிகளில் நிகழ்ந்தது வேறு விதம். ‘இஃப்கான்ஃபிக்’, ‘நெட்ஸ்டாட்’ முதலியவற்றைக் கொண்ட ‘நெட்-டூல்ஸ்’ பொதிக்கு மாற்றாக, ‘ஐபி’, ‘எஸ்எஸ்’ என்னும் கட்டளைகளைக் கொண்ட ‘ஐபிரூட்-2’ பொதி எழுந்தது. இரண்டும் ஒரே பணிக்கானவையாயினும் கெர்னலோடு பேசும் வழி வேறு. இதனால் ‘ஐபி’ கட்டளையால் சேர்க்கப்படும் இரண்டாவது முகவரியைப் பழைய ‘இஃப்கான்ஃபிக்’ காட்டாமல் விட்டுவிடுவதும் உண்டு. ஒரே கணிப்பொறியைக் குறித்து இரு கருவிகள் இருவேறு விடை தருவது, பழுது நீக்கச் சென்ற களப்பணியாளரை வெகுவாகத் திகைக்க வைக்கும். 2017-இல் வெளிவந்த டெபியன் 9 முதல் நெட்-டூல்ஸ் பொதி தானாக நிறுவப்படுவதில்லை.

இடர் எங்கே எழுகிறது?

ஒருங்கிணைப்பின் நன்மைகள் வெளிப்படை. ஆயின் நிரலை எழுதுவோர் மிகை என்று நீக்கும் ஒன்று, பயன்படுத்துவோரின் கைப்பழக்கத்திலும் பாடக்குறிப்பிலும் பதிந்திருக்கக் கூடும். அதற்கு ‘எஸ்யூ’ கட்டளையே சான்று.

நாம் தட்டச்சிடும் கட்டளையைத் தேடுவதற்கு ஷெல் ஒரு தேடுபாதைப் பட்டியலை வைத்திருக்கிறது. நிருவாகக் கட்டளைகள் இருக்கும் ‘எஸ்பின்’ கோப்பகம் டெபியனில் சாதாரணப் பயனரின் பட்டியலில் இராது. நிருவாகியின் பட்டியலில் இருக்கும். பழைய ‘எஸ்யூ’, பயனரை நிருவாகியாக மாற்றும்போது பட்டியலையும் மாற்றியது. புதிய ‘எஸ்யூ’ அவ்வாறு மாற்றுவதில்லை. இதன் விளைவாக, 2019-இல் டெபியன் 10 வெளிவந்தபின், பல்லாண்டு பழகிய முறைப்படி ‘எஸ்யூ’ என்று தட்டச்சிட்டு, கடவுச்சொல்லும் தந்து, புதிய பயனரைச் சேர்க்க முயன்றவர்க்கு ‘கட்டளை காணப்படவில்லை’ என்னும் விடையே கிட்டியது. கட்டளை அங்கேதான் இருந்தது. தேடும் இடந்தான் மாறியிருந்தது. ‘எஸ்யூ’ என்பதன்பின் ஓர் இடைவெளியும் ஒரு சிறுகோடும் இட்டால் குறை தீரும். வெளியீட்டுக் குறிப்பில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அக்குறிப்பைப் படியாமல் பழைய பாடப்புத்தகத்தை மட்டும் நம்பிய மாணவன், கணிப்பொறி பழுதுற்றதென்றோ தன் அறிவு குறைவுற்றதென்றோ எண்ணுவதற்கு இடமுண்டு.

ஓசையின்றி நேரும் இடர் இதனினும் கொடியது. ‘இஃப்கான்ஃபிக்’ கட்டளையின் புதிய பதிப்புகளில், முகவரிக்கு முன் அச்சிடப்பட்டுவந்த ‘ஆடர்’ என்னும் சொல் நீக்கப்பட்டது. அச்சொல்லைத் தேடி, அதன்பின் வருவதை முகவரியாகக் கொள்ளுமாறு எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள் வெறுமையையே பெற்றன. தொலைதூர நிலையமொன்றில் தானாக இயங்கித் தகவல் அனுப்பும் கணிப்பொறியில் இத்தகைய பிழை நேரின், அதனை அறிவதற்கே பல நாட்கள் ஆகலாம்.

2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10, குனூ கோர்யூட்டில்ஸுக்கு மாற்றாக ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்ட கட்டளைகளை ஏற்றது. அவற்றுள் ‘டேட்’ கட்டளை, கோப்பொன்று கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைக் கேட்கும் விருப்பக்குறியை ஏற்றுக்கொண்டு, அதனைப் பொருட்படுத்தாது தற்போதைய நேரத்தையே விடையாகத் தந்தது. அதனால் சில கணிப்பொறிகளில் மென்பொருள் புதுப்பித்தலைத் தானாகச் சோதிக்கும் வேலை தடைப்பட்டது. குறை விரைவில் திருத்தப்பட்டது. தனக்குப் புரியாத விருப்பக்குறியைக் கட்டளை மறுத்திருந்தால், பிழை அப்பொழுதே வெளிப்பட்டிருக்கும்.

நல்ல ஒருங்கிணைப்பின் இலக்கணம்

1957 ஏப்ரல் 1-ஆம் நாள் தசம நாணய முறை தொடங்கியபோது, அணா நாணயங்கள் அன்றே செல்லாதவையாக்கப்படவில்லை. பழையவும் புதியவும் சில ஆண்டுகள் அருகருகே வழங்கின. புதிய காசைப் பழைய காசினின்று வேறுபடுத்திக் காட்ட ‘நயா’ என்னும் அடைமொழி சேர்க்கப்பட்டது. அதன் தேவை தீர்ந்தபின் 1964-இல் அச்சொல் நீக்கப்பட்டது. கட்டளைகளை ஒருங்கிணைப்போர்க்கும் இம்முறை பொருந்தும்.

முதலாவது, பழைய பெயரை உடனே அகற்றாமல், புதியதற்கு வழிகாட்டும் மெல்லிய உறையாக வைத்திருத்தல் வேண்டும். ‘இ-கிரெப்’, ‘எஃப்-கிரெப்’ என்னும் இரண்டும் ‘கிரெப்’ கட்டளையின் இரு விருப்பக்குறிகளுக்குச் சமமானவை. 2007-இலேயே அவை வழக்கொழியத் தக்கவை எனக் குறிக்கப்பட்டன. எனினும் உபயோகிப்பவர் கண்ணுக்கு எச்சரிக்கை தோன்றத் தொடங்கியது 2022-இல் தான்.

இரண்டாவது, எச்சரிக்கையும் அளவோடு அமைதல் வேண்டும். ஒரு கட்டளை எந்த இடத்தில் உள்ளது என்பதைக் கூறும் ‘விச்’ கட்டளை வழக்கொழியும் என்று, அதனை இயக்கும்போதெல்லாம் ஓர் அறிவிப்பு 2021-இல் டெபியனின் வளர்ச்சிப் பதிப்பில் தோன்றியது. அதனால் பிற பொதிகளின் வேலை இடையூறுற்றது. தொழில்நுட்பக் குழு அவ்வறிவிப்பை நீக்குமாறும், தக்க மாற்று அமையும்வரை கட்டளையைத் தொடர்ந்து வழங்குமாறும் தீர்மானித்தது.

மூன்றாவது, செயல் வேறுபட்டவற்றை ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவரலாகாது. இரண்டு ‘ரீநேம்’ கட்டளைகளை ஒன்றாக்க முயல்வதினும், இரண்டிற்கும் வெவ்வேறு பெயர் வழங்குதலே தெளிவைத் தரும்.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் சில எளிய பழக்கங்களால் இவ்விடர்ப்பாடுகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

ஒரு கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்ளுதல் முதற்பாடம். ‘பேஷ்’ ஷெல்லில், ‘டைப்’ என்னும் கட்டளையோடு ‘ஏ’ என்னும் விருப்பக்குறியை இட்டு, வேண்டிய பெயரை எழுதினால், அப்பெயரில் உள்ள அனைத்தும், ஷெல்லுக்குள் உள்ளது உட்பட, வரிசையாகத் தோன்றும். ‘கில்’ என்னும் பெயரைக் கொண்டு மாணவர்களை இதனைச் செய்து பார்க்கச் சொல்லலாம். பின்னர் அக்கட்டளையின் பதிப்பைக் கேட்கும் விருப்பக்குறியை இட்டு, எந்தப் பொதியைச் சேர்ந்தது என்பதை அறியலாம்.

பாடக்குறிப்பிலும் செய்முறை ஏட்டிலும் கட்டளையை மட்டும் எழுதாமல், அது எந்த வெளியீட்டில், எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதையும் நாளையும் குறித்தல் நன்று. அத்தகைய குறிப்பு பத்தாண்டுகளுக்குப் பின்னும் பயன்படும்.

‘ரீநேம்’ போன்ற கட்டளையை நூற்றுக்கணக்கான கோப்புகளின்மீது ஏவுமுன், எதனையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் காட்டும் விருப்பக்குறியைக் கையேட்டில் பார்த்து, முதலில் அதனை இட்டு நோக்குதல் வேண்டும். நகல் கோப்புகளில் சோதித்தல் அதனினும் சிறப்பு. பழகாத யூனிக்ஸ் கணிப்பொறியில் நிருவாகியாக இருக்கும்போது ‘கில்ஆல்’ கட்டளையைத் தொடலாகாது.

ஸ்கிரிப்டுகள் எழுதுவோர், மனிதர் படிப்பதற்கென அச்சிடப்படும் வரிகளிலிருந்து சொற்களைப் பிடுங்கி எடுப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். ‘ஐபி’ கட்டளை, நிரல்கள் எளிதில் படிக்கத்தக்க ஜேசன் வடிவிலும் விடை தரவல்லது. அதனைக் கொள்வோர்க்கு அச்சின் தோற்றம் மாறுவதால் தொல்லை நேராது.

புதிய பதிப்பிற்கு மாறுமுன் வெளியீட்டுக் குறிப்பைப் படித்தல் அவசியம். பள்ளியில் 20 கணிப்பொறிகள் இருப்பின், முதலில் ஒன்றில் மட்டும் புதியதை நிறுவி, அந்த ஆண்டின் செய்முறைப் பயிற்சிகள் அனைத்தையும் அதில் ஒருமுறை நடத்திப் பார்த்தல் தகும். அவ்வாறு செய்யும்போது பழைய பாடம் எங்குத் தடைப்படுகிறது என்பது வகுப்பிற்கு முன்னரே விளங்கிவிடும். தடைப்பட்ட இடத்தை ஆசிரியர் தம் ஏட்டில் திருத்திக்கொள்வதோடு, வெளியீட்டாளர்க்கும் தெரிவித்தால், அடுத்த பதிப்பைச் செய்வோர்க்கு அது உதவியாகும். இக்கட்டளைகளைப் பேணுவோர், தம் கருவிகள் எந்தப் பள்ளியில், எந்த அலுவலகத்தில், எவ்வாறு வழங்குகின்றன என்பதை அறிவதற்கு இத்தகைய கடிதங்களையன்றி வேறு வழி மிகுதியாக இல்லை.